அரசாங்கம் வாங்கும்வரை

சிட்னித் தமிழர்கள் வீடு வாங்குவதென்றால் வடமேற்கே போவார்கள். த பாண்ட்ஸ், ஸ்கோஃபீல்ட்ஸ், கெல்லிவில். எல்லாம் புது வீடுகள். பெயின்ட் வாசம்கூடப் போயிருக்காது. நாங்கள் கிரான்வில்லில் 1910 வாக்கில் கட்டிய வீட்டைப் பார்த்தோம். ஸ்டேஷன் பக்கம், மனை பெரிது, ஹாரிஸ் பார்க் போனால் நல்ல தோசை கிடைக்கும் என்று நான் அடுக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு, "இத்தனை காரணம் சொல்ல வேண்டியிருக்குன்னாலே யோசிக்கணுங்க" என்றாள் மனைவி. யோசிப்பதற்குள் ஏலம் முடிந்து வீடு எங்களுடையதாகிவிட்டது.

இந்த ரகத்துக்கு ஃபெடரேஷன் வீடு என்று பெயர். ஆறு காலனிகள் சேர்ந்து 1901-ல் ஆஸ்திரேலியா ஒரு நாடானதே, அந்தக் காலத்துப் பாணி. சிவப்புச் செங்கல், மரவேலைப்பாடு கொண்ட வராந்தா, அறைக்கு அறை கணப்பு. சீலிங் எட்டாத உயரத்தில் இருக்கும். அதற்கும் மேலே போசம் இருக்கும்.

போசத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் உள்ள ஆள்தான் பிடிக்கலாம். பிடித்தாலும், பிடித்த இடத்திலிருந்து 150 மீட்டருக்குள் விட்டுவிட வேண்டும். 150 மீட்டர் என்பது எங்கள் தெருமுனை. அங்கே விட்டால், விட்டவர் வேனைத் திருப்புவதற்குள் அது வீட்டுக்கு வந்துவிடும். மெல்பர்னில் இருக்கிற மச்சான், "எங்க விக்டோரியாவில 50 மீட்டர்தான் மாமா" என்கிறான், என்னவோ அவன் சாதித்ததைப் போல. நானெல்லாம் மாணவர் விசா, பிரிட்ஜிங் விசா, பி.ஆர். என்று படிப்படியாக ஏறி வந்தவன். என் தலைக்கு மேலே குடியிருப்பவருக்கு ஒரு படிவமும் கிடையாது.

வீட்டை அழகுபடுத்தலாம் என்று இறங்கினால், எதைத் தொட்டாலும் ஒரு எச்சரிக்கை வருகிறது. 1970-க்கு முந்தைய வீட்டுப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்த்துவிடாதே. பாத்ரூம் ஓட்டுக்குப் பின்னால் பிற்காலத்தில் யாரோ அடித்த பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை இந்த நாடு முழுவதுமாகத் தடை செய்தது 2003-ம் ஆண்டின் கடைசி நாளில்தான். உதிராத பலகை 10 சதுர மீட்டர் வரை என்றால் உரிமம் இல்லாமல் நாமே கழற்றலாம் என்று இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. கொடுத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லையே!

ஹாலில் மட்டும் சீலிங் தகரத்தில் பூ வேலை. வுண்டர்லிக் என்ற சிட்னிக் கம்பெனி இதில் பெயர் பெற்றது. சிட்னி டவுன் ஹாலின் பெரிய மண்டபத்தில் பிரம்மாண்டமான ஆர்கன் வைத்தார்களே, அதை வாசிக்கும் அதிர்வில் பிளாஸ்டர் உதிர்ந்து கனவான்கள் தலையில் விழக்கூடாது என்றுதான் அங்கே தகர சீலிங் போட்டார்களாம். எங்கள் வீட்டில் அந்த வேலையை மிக்சி செய்கிறது.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். காரைக்குடியிலிருந்து அம்மா வந்தாள். பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது தினசரி காலண்டர். ஆணி எங்கே என்றாள். நான் தடுப்பதற்குள் அம்மியில் கிடந்த குழவியை எடுத்து ஒரே போடு. ஆணி உள்ளே போனது. தாம்பாள அகலத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே வந்தது. பின்னால் செங்கல், நூறு வருஷமாக வெளிச்சம் பார்க்காத முகத்தோடு.

பிளாஸ்டர் ஆள் வந்து சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டார். "டிரம்மி" என்றார். பூச்சு செங்கலை விட்டுப் பிரிந்து நிற்கிறது, உள்ளே காற்று. எந்த அறை என்று கேட்டேன். எந்த அறை இல்லை என்று கேட்கும்படி சொன்னார். பிறகு கதவுக்கு மேல் உயரத்தில் சுவரைச் சுற்றி ஓடும் மரச்சட்டத்தைக் காட்டினார். பிக்சர் ரெயில். படம் மாட்டுவதற்கென்றே அந்தக் காலத்தில் வைத்தது. கொக்கி போட்டுச் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். ஆகவே இப்போது முருகன், தினசரி காலண்டர், மாலை போட்ட அப்பா மூவரும் ஆளுயரச் சங்கிலியில் தொங்குகிறார்கள். சரக்கு ரயில் போனால் லேசாக ஆடுகிறார்கள். "உங்க அப்பா உசுரோட இருந்தப்போ இவ்வளவு அசைஞ்சதில்லடா" என்றாள் அம்மா.

கணப்பு பூஜை அறையானது. மாடம் தயாராக இருக்கிறது, மேலே கொலுவுக்கு ஒரு படியும் இருக்கிறது என்று மனைவிக்கு மகிழ்ச்சி. விளக்கேற்றினால்தான் தெரிகிறது, புகைபோக்கி இன்னும் வேலையில் இருக்கிறது என்று. மேலிருந்து ஒரு மூச்சு, விளக்கு அணைந்துவிடும்.

இனி சாமான்கள். கோயம்புத்தூர் கிரைண்டர்கள், ஒன்று ஓடுவது, ஒன்று ஓடியது. பேர் வெட்டிய எவர்சில்வர் அண்டா. ஒன்றுக்குள் ஒன்றாக அடைத்த சூட்கேஸ்கள். கடைசிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லை. 2 கிலோ தயிர் வாளிகள், மூடியோடு, கோபுரமாக. "அத்தை, இதுல பாதியாவது போடலாம்" என்றாள் மனைவி. "சாம்பார் குடுத்தனுப்ப எதுக்குப் போவ?" என்றாள் அம்மா. எங்கள் வீட்டுச் சாம்பார் வெளியே போய்ப் பல வருஷம் ஆகிறது.

கவுன்சிலில் கிளீன்அப்புக்குப் பதிவு செய்தால், வேண்டாத பெரிய சாமான்களை வாசல் புல்தரையில் வைக்கலாம். லாரி வந்து அள்ளிப்போகும். லாரிக்கு முன்னால் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகும். முதல் நாள் இரவு நானும் மனைவியும் சாமான்களை வெளியே கொண்டுபோனோம். அம்மா வாக்கிங் போனாள். திரும்பும்போது அவள் கையில் அடுத்த வீட்டுக்காரர் வெளியே வைத்த தேக்கு நாற்காலி, மேலே எங்கள் வீட்டு அண்டா.

எதையும் எறியாவிட்டால் வீடு என்ன ஆகும் என்று பார்த்தாவது மனம் மாறட்டும் என்று அம்மாவை ரவுஸ் ஹில் மாளிகைக்குக் கூட்டிப்போனேன். 1813-ல் ரிச்சர்ட் ரவுஸ் என்பவர் கட்டத் தொடங்கிய கல்வீடு. ஒரே குடும்பம் ஆறு தலைமுறை வாழ்ந்தது. பெரிதாக எதையும் எறியவில்லை. 1978-ல் மாநில அரசு அதை எடுத்துக்கொண்டது. 1999-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். புதுப்பித்து அல்ல, எப்படி இருந்ததோ அப்படியே. உரிந்த வால்பேப்பர் உரிந்தபடி, வெளுத்த திரை வெளுத்தபடி. வழிகாட்டிப் பெண்மணி எதையும் தொட வேண்டாம் என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டார்.

"கிழிஞ்ச காகிதத்தப் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நம்ம ஊரா இருந்தா இந்நேரம் தூணு முனீஸ்வரன் கோயில் தெருவுல நிக்கும்" என்றாள். உண்மைதான். பங்காளிகள் பெருகிப் பராமரிக்க ஆளில்லாமல் போன செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் பீங்கானும் அந்தத் தெருப் பழம்பொருள் கடைகளில்தான் வந்து நிற்கின்றன. எறியாத குடும்பத்துக்கு மியூசியம், பிரித்த குடும்பத்துக்குக் கடை என்று அம்மா கட்சி கட்டிவிட்டாள். நான் கூட்டிப்போனது ஒன்றுக்கு. அவள் எடுத்துக்கொண்டது வேறொன்று.

வீட்டுக்கு வந்ததும் தயிர் வாளிகளைக் காட்டி, "வச்சிருந்தா அரசாங்கம் வாங்கும்" என்றாள்.

மனைவி கணக்கில் கெட்டி. "1813-லேருந்து 1978. 165 வருஷம் அத்தை. என்னால சனிக்கிழமை வரைக்கும்தான் பொறுக்க முடியும்."

எனவே சிட்னி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓடாத கிரைண்டர், சூட்கேஸ்கள், பேர் வெட்டிய அண்டா (பேர் உங்களுடையதாக இருக்காது) இவற்றில் எது வேண்டுமானாலும் சனிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம். வண்டி நீங்கள் கொண்டுவர வேண்டும். தூக்க நான் வருகிறேன். தயிர் வாளியை மட்டும் கேட்காதீர்கள். அம்மா தரமாட்டாள்.