வந்தியத்தேவனுக்கு மரச்சீனி மறுக்கப்பட்ட வரலாறு

பாத்திரமேற்று விளையாட்டு என்பது, ஆடுபவர் ஒரு கதைமாந்தரின் உடலுக்குள் புகுந்துகொண்டு, அவருடைய வீரத்தையும் சாதுரியத்தையும் எண்களாகச் சேமித்து வளர்த்தபடி, ஒரு கற்பனை உலகில் இரவு பகலாகத் திரியும் கணினி விளையாட்டு வகையாகும். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் அமெரிக்காவில் தாளும் பகடையுமாக வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதன் மூதாதையாகும். எந்தக் கலைக்களஞ்சியமும் பதிவு செய்யாத அதன் கிளை ஒன்றும் உண்டு. அது ரசிகர்கள் திட்டமிடும் பாத்திரமேற்று விளையாட்டு. குமரி மாவட்டப் பேச்சிப்பாறை அணைக்கு அருகிலுள்ள ஒரு சாயாக்கடையில் ஞாயிறுதோறும் கூடி, கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை இவ்வகையில் ஆக்கத் திட்டமிடும் குழு ஒன்று, தன் வடிவமைப்பு ஆவணத்தை, அதாவது விளையாட்டில் எது எங்கே எப்படி நிகழும் என்று விதிக்கும் பெரும் கோப்பை, சென்ற வாரம் மறுபடியும் திருத்தி உறுப்பினர்களுக்கு அனுப்பிவைத்தது. அத்திருத்தத்தில் நாயகனின் உணவுப் பட்டியலிலிருந்து மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நீக்கப்பட்டிருந்ததே இக்கட்டுரைக்கு உடனடிக் காரணம். இத்தகைய விளையாட்டுகள் ஏன் ஒருபோதும் முடிவதில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. அவற்றை இங்கு முறையாக ஆராய்வதே நோக்கமாயினும், அதற்கு முன் கிழங்கு விவகாரத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவது நலம்.

கதைத் தேர்வில் குறைகூற எவருக்கும் வாய்ப்பில்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்து ஐந்து பாகங்களாக விரிந்த இப்புதினத்தின் நாயகன் வந்தியத்தேவன், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் ஓலைகளைச் சுமந்துகொண்டு குதிரையேறி, வழியில் அகப்பட்ட வம்பையெல்லாம் விலைக்கு வாங்குபவன் ஆதலால், பக்கப்பணி எனப்படும், முதன்மைக் கதைக்குத் தொடர்பற்ற சில்லறை வேலைகளுக்கென்றே பிறந்தவன் எனலாம். உரிமைச் சிக்கலும் இல்லை. டோல்கீனின் உலகை 'ஸ்கைரிம்' விளையாட்டுக்குள் கட்டியெழுப்ப முயன்ற ரசிகர்களை 2012இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தடுத்து நிறுத்தியது; கல்கியின் எழுத்துகளோ நாட்டுடைமையாக்கப்பட்டவை. தடுக்க ஒருவரும் இல்லாத நிலையில், பணி நடவாமைக்குப் பழிபோட ஆள் கிடைக்காமல் போனது தமிழ் ரசிகர்களுக்கு நேர்ந்த தனிப்பெரும் துயரம்.

வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கித் தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம் என்று அலையும் கதை நாஞ்சில் நாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது மேற்படிக் குழுவுக்கு நெடுநாள் மனக்குறை. பின்னாளில் முதலாம் இராசராசன் காந்தளூர்ச்சாலையில் வெற்றிகண்டதும், கோட்டாறு மும்முடிச்சோழநல்லூர் எனவும், சுசீந்திரம் சுந்தரசோழச் சதுர்வேதிமங்கலம் எனவும் பெயர் பெற்றதும் கல்வெட்டு அறிந்த செய்திகள் ஆகையால், வரைபடம் தெற்கே நீட்டப்பட்டது. காந்தளூர்ச்சாலை கப்பல்துறையா கல்விச்சாலையா என்று அறிஞர்கள் இன்னும் ஒருமித்து முடிவுசெய்யாததால், அக்காட்சி இரு வேறு வடிவங்களில் திட்டமிடப்பட்டுள்ளது. ஒரு வடிவம்கூட வரையப்படவில்லை. வீரநாராயண ஏரிக்குப் பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தின் ஒளிப்படங்களையே பின்னணியாகக் கொள்ளலாம் என்ற யோசனையும் கரையோர ரப்பர் மரங்களால் கைவிடப்பட்டது. பிரேசில் காட்டு மரம் பத்தாம் நூற்றாண்டுச் சோழ நாட்டில் நிற்கலாகாது என்பது அங்கு வகுக்கப்பட்ட முதல் விதி.

இவ்விதி மரத்தோடு நின்றிருந்தால் கேடில்லை. அது அடுப்பங்கரைக்குள்ளும் நுழைந்தது. அடிபட்ட நாயகன் உணவுண்டு உயிர்ப்புள்ளிகளை, அதாவது சாவுக்கும் தனக்கும் உள்ள தொலைவைக் காட்டும் எண்களை, மீட்டுக்கொள்வது இவ்வகை விளையாட்டுகளின் மரபு. குமரி மாவட்டத்தில் ஒருவரை உயிர்ப்பிக்க வல்ல உணவு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் என்பதில் முதலில் கருத்து வேற்றுமை எழவில்லை. ஆனால் மரச்சீனி தென் அமெரிக்கப் பயிர். திருவிதாங்கூரில் அது பரவியது விசாகம் திருநாள் ஆட்சிக்காலத்தில், 1880க்குப் பின்னர். எனவே கிழங்கு நீக்கப்பட்டது. "கிழங்கு இல்லாத மீன்கறி எதுக்கு மக்கா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுப்பிய வினா விவாதக் குறிப்பில் இடம்பெற்றதேயன்றி விடை பெறவில்லை.

அடுத்து மீன்கறி விசாரணைக்கு வந்தது. மிளகாய், போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் இந்நாடு கண்ட அமெரிக்கச் சரக்கு ஆதலால் விலக்கப்பட்டு, அதனிடத்தில் நல்லமிளகு அமர்த்தப்பட்டது. குடம்புளி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது என்பதால் தப்பியது, தேங்காயும் தப்பியது. மீன் தப்பவில்லை. நீர்த்தேக்கங்களில் எளிதாகக் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டை எனும் திலாப்பியா, ஆப்பிரிக்காவில் தோன்றி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கல்கி அப்போது தொடரை எழுதிக்கொண்டிருந்தார் என்பதைச் சிறப்புச் சலுகைக்கு ஆதாரமாகக் காட்டிய ஒருவரின் வாதம் ஏற்கப்படவில்லை. எரிசேரியில் மத்தங்காய் சேர்ப்பது தடைசெய்யப்பட்டது, சேனை சேர்ப்பது அனுமதிக்கப்பட்டது. தக்காளி ரசம் வீழ்ந்து மிளகு ரசம் எழுந்தது. அன்னாசி, கொய்யா, பப்பாளி, முந்திரி, நிலக்கடலை ஆகியவை ஒரே அமர்வில் நாடு கடத்தப்பட்டன. ஏறத்தாழ 920ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட நூலான 'வட்டாராதனை' இட்டலியைக் குறிப்பிடுவதால் இட்டலி உள்ளே வந்தது. ஆனால் அக்காலத்து இட்டலி உளுந்தை மட்டும் கொண்டது என்று கருதப்படுவதால் அரிசி வெளியே நிறுத்தப்பட்டு, அவ்விட்டலியால் கூடும் உயிர்ப்புள்ளிகளில் பாதி குறைக்கப்பட்டது.

எஞ்சியவையும் நிம்மதியாக இல்லை. சக்கை, அதாவது பலாப்பழம், பழமையில் ஐயத்துக்கு இடமற்றது எனினும், நாயகன் சுமக்கக்கூடிய எடைக்கு வரம்பு உண்டு என்ற விதியின்படி, ஒரு முழுச் சக்கையை எடுத்துக்கொண்டவன் வாளைக் கீழே வைத்துவிட்டே நடக்கவேண்டும் என்றாயிற்று. புதினத்தில் வரும் கடம்பூர் மாளிகைக்குள் சக்கையோடு நுழைபவனை ஐயுறாமல் விடுவார்களா என்ற துணை வினா தனிக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழத்துக்கு உயிர்ப்புள்ளிகளை இரட்டிப்பாக்கவேண்டும் என்ற தீர்மானத்தை, வாழை பழையது, ஆயினும் மட்டி பழையது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டு மறித்தனர். கருப்பட்டியும் அக்கானி எனும் பதநீரும் எதிர்ப்பின்றி நிறைவேறின; மலைத்தேனை எவருமே எதிர்க்காததால், ஏதோ கவனிக்கப்படாமல் விடுபட்டிருக்கவேண்டும் என்ற அச்சத்தில் அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இத்தனை விவாதமும் பாலில்லாக் கட்டஞ்சாயாவைக் குடித்துக்கொண்டே நடந்தது. தேயிலையின் காலத்தை மட்டும் யாரும் வினவவில்லை.

இவர்கள் அமர்ந்து பேசும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் அணை, சிறீ மூலம் திருநாள் ஆட்சியில், அலெக்சாண்டர் மிஞ்சின் என்ற பொறியாளரின் பொறுப்பில், 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. காட்டுக்குள் கல் சுமந்து கோதையாற்றை மறிக்க ஒன்பது ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. மாறாக, 'டாம்ரியல் ரீபில்ட்' என்ற பெயரில் 'மோரோவிண்ட்' விளையாட்டின் உலகை விரிவாக்க 2001இல் புறப்பட்ட அயல்நாட்டு ரசிகர்கள் இன்றும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் முடித்த பகுதிகளை அவ்வப்போது வெளியிட்டும் விடுகிறார்கள் என்பதை உள்ளூர்க் குழு மேற்கோள் காட்டும்போது வசதியாக மறந்துவிடுகிறது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலை மட்டுமே பொருளாகக் கொண்டு, டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', அடுத்த ஆண்டே சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. ஓரிரு மணி நேரத்தில் ஆடி முடிக்கத்தக்க அச்சிறு விளையாட்டில் இட்டலியும் புட்டும் உண்மையிலேயே வேகின்றன. அதைக் குறித்துப் பேச்சிப்பாறையில் தெரிவிக்கப்பட்ட கருத்து, அதில் குதிரை இல்லை என்பதாகும். நிரல் எழுதத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத குழுவில் கதை ஆலோசகர்கள் மட்டும் இத்தனை பேர் இருப்பதும், அவர்கள் ஒவ்வொருவரும் மற்றவருடைய காலப்பிழையைக் கண்டுபிடிப்பதையே தம் பங்களிப்பாகக் கருதுவதும், நகைச்சுவையாகச் சொல்லத் தொடங்கியவரையும் பல்லைக் கடிக்க வைப்பவை.

முன்னர் வாக்களிக்கப்பட்ட மூன்று காரணங்களுக்கு இனி இடமில்லை. குதிரைத் தீவனம் பற்றிய சிக்கல் அவற்றைவிட அவசரமானது. ரப்பர் தோட்டங்களில் மூடுபயிராக, அதாவது மண்ணைக் காக்கத் தரையில் படரவிடும் கொடியாக, வளர்க்கப்படும் புயூரேரியா அயல்நாட்டதோ என்ற ஐயம் எழுந்ததால், வந்தியத்தேவனின் குதிரை இப்பகுதியில் மேயலாமா என்பதை ஆராயத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. மரச்சீனிக்காக நெடுநேரம் வாதாடித் தோற்ற உறுப்பினரும் இக்கட்டுரையை எழுதுபவரும் ஒருவரே ஆதலால், அவரை அமைதிப்படுத்தும் பொருட்டுத் தலைமைப் பொறுப்பு அவருக்கே வழங்கப்பட்டது. கொள்ளு பழமையானது என்பதை நிறுவும் முதற்கட்ட அறிக்கையை அவர் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டார். புல் பற்றிய இரண்டாம் பகுதி தயாராகி வருகிறது.