பூட்டு அண்ணன்

நாலு கம்ப்யூட்டர், ஒரு ரூட்டர் இருக்கிற அலுவலகம் எதுவானாலும் அங்கே இணையதளங்களை அடைக்கிற ஒரு பூட்டு அண்ணன் முளைத்துவிடுவார். கணக்குப்பிள்ளையாக இருக்கலாம், முதலாளியின் மச்சானாக இருக்கலாம். ரூட்டர் பாஸ்வேர்டு தெரியும் என்பதே தகுதி. அது ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. பாவம், மனசு விட்டுப்போகும்.

உப்பிலியபுரத்தில் நான் பார்த்தவர் ஒரு மோட்டார், பைப் கடையில் வேலை செய்தவர். முதலில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து ஃபேஸ்புக்கை 127.0.0.1-க்குத் திருப்பிவிட்டார். அது அந்தந்தக் கம்ப்யூட்டரின் சொந்த முகவரி. ஊர் சுற்றக் கிளம்பியவனைத் தெருமுனையில் மடக்கி வீட்டுக்கே அனுப்புகிற ஏற்பாடு. பையன்கள் அலட்டிக்கொள்ளவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு ஆபீஸ் நெட்டை எவன் மதிக்கிறான்? திரையில் டேலி, மேசைக்கு அடியில் கிரிக்கெட்.

அண்ணனுக்கும் இது தெரியும். ஆனாலும் அடைப்பதில் ஒரு ருசி இருக்கிறதே! முகவரியில் 'டியூப்' என்று வந்தாலே அடை என்று ரூட்டருக்குக் கட்டளை போட்டார். யூடியூப் ஒழிந்தது. கூடவே கடைக்குச் சரக்கு அனுப்பும் டியூப் கம்பெனியும் ஒழிந்தது. சிரிக்காதீர்கள், இது பெரிய இடத்துப் பழக்கம். 2003-ல் யாகூ குரூப்ஸில் ஒரே ஒரு குழுவை முடக்கச் சொன்னது மத்திய அரசு. இணைய நிறுவனங்கள் யாகூ குரூப்ஸையே முடக்கிவிட்டன.

அவருடைய கம்ப்யூட்டருக்கு மட்டும் தடையில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு "மார்க்கெட் நிலவரம் பார்க்கிறேன்" என்று உட்காருவார். மார்க்கெட்டில் வடிவேலு பேசுவது வாசல்வரை கேட்கும்.

கடைசியில் துணிந்து, தன் கம்ப்யூட்டர் உட்பட எல்லாக் கம்ப்யூட்டரிலும் எல்லாவற்றையும் அடைத்து, ஜி.எஸ்.டி. தளத்தை மட்டும் திறந்துவைத்தார். ஸ்டிக்கர் விஷயமும் எப்படியோ காதுக்கு எட்டி, பாஸ்வேர்டையும் மாற்றினார். வந்தது 20-ம் தேதி, ஜி.எஸ்.டி. 3பி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். தளம் ஜம்மென்று திறந்தது. பணம் கட்டப்போனால் பேங்க் பக்கத்துக்குத் தாவ வேண்டும். அது அடைப்பில் இருந்தது. திறக்கலாமென்றால், புது பாஸ்வேர்டு எழுதிய சீட்டு சட்டைப்பையோடு சலவைக்குப் போயிருந்தது. முதலாளி எட்டி எட்டிப் பார்த்தார்.

பில் போடும் பையன் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டான். அண்ணன் அவன் பக்கம் குனிந்தார்.

"பாஸ்வேர்டு என்ன தம்பி?"

"நகருங்கண்ணே, நானே அடிச்சுத் தரேன். அதையெல்லாம் வெளியில சொல்றதில்ல."