திருத்தாத கோடு

1990களின் கடைசியில் பெங்களூர் அல்சூரில் ஒரு டிடிபி கடையில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பாடப் புத்தகப் படம் என்று எல்லாம் வரும். கையால் வரைந்த படம் கையால் வரைந்தது என்று தெரியாதவரைதான் அதற்கு மதிப்பு. இண்டியன் இங்க்கில் கோடு கொஞ்சம் நடுங்கினாலும் வெள்ளை போஸ்டர் கலரால் மூடுவோம். பிறகு ஸ்கேன் செய்து, கோரல் டிராவில் மவுஸால் புள்ளி புள்ளியாக இழுத்து வழவழப்பாக்குவோம். கோட்டின் தடிமன் தொடக்கம் முதல் முடிவுவரை ஒன்றாகவே இருக்கும். வாடிக்கையாளரும் அதைத்தான் கேட்டார்.

இன்று அதே பெங்களூரில், காபிப் பாக்கெட்டுக்குப் படம் கேட்கும் சின்ன கம்பெனிகூட முதலில் சொல்வது, "கையால் போட்ட மாதிரி இருக்கணும் சார்." அன்று நாங்கள் அழித்த நடுக்கத்துக்கு இன்று காசு கொடுக்கிறார்கள்.

இதற்கு எனக்குக் கை கொடுப்பது எஸ்.பி. ரோட்டில் வாங்கிய, படம் வரையும் வாக்கம் டேப்லெட். பேனாவுக்குள் பேட்டரி கிடையாது. பலகை எழுப்பும் மின்காந்த அலையிலேயே இயங்குகிறது. 2017இல் வந்த வாக்கமின் இன்டுவோஸ் ப்ரோ, கை அழுத்தத்தை 8,192 படிகளாகப் பிரித்தறியும். அந்த எண்ணைப் பார்த்தே வாங்குகிறவர்கள் உண்டு. என் கைக்குப் பழைய மாடல்களின் 1,024 படிகளே தாராளம். தோளிலிருந்து வீசி இழுக்கும்போதுதான் கோட்டுக்கு உயிர் வருகிறது. விரல் நுனியால் வருடினால் வராது. பலகை வழுக்குவதால் ஃபெல்ட் நிப்பு போட்டுக்கொள்கிறேன். சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆனாலும் காகிதத்தின் பிடிமானம் கொஞ்சம் கிடைக்கிறது. மென்பொருளில் கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசரை முதல் வேலையாக அணைத்துவிடுவேன். காய்ந்த தூரிகையால் நிஜக் காகிதத்தில் தீற்றிய மைத்தடங்களை ஸ்கேன் செய்து, அவற்றையே டிஜிட்டல் பிரஷ்ஷாக வைத்திருக்கிறேன்.

இந்த வழியைக் காட்டியவர்கள் டேப்லெட்டைத் தொடாமலே பெரும்பாலான படங்களைப் போட்டவர்கள். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு ஓவியர் கோபுலு போட்ட படங்களைப் பாருங்கள். புடவை மடிப்பில் கோடு தடித்து, மெலிந்து, சில இடங்களில் விட்டே போயிருக்கும். மைசூரில் பிறந்த கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணின் தூரிகைக் கோடும் அப்படித்தான். அந்தத் தடிப்பும் மெலிவும் அவர்கள் கையில் இருந்தன. எந்தக் கருவியாலும் அவற்றைத் தானாகத் தர முடியாது.

டேப்லெட் வாங்கப்போகும் இளைஞர்களே, அதற்கு முன் தொட்டெழுதும் பேனாவும் ஒரு மைப்புட்டியும் வாங்குங்கள். எம்.ஜி. ரோடு பக்கம் மிட்ஃபோர்ட் ஹவுஸில் 2007 முதல் இருக்கும் இந்தியன் கார்ட்டூன் கேலரிக்கு ஒரு நாள் போய், படங்களை நெருங்கி நின்று பாருங்கள். பிறகு டேப்லெட்டில் உட்காரும்போது, முதல் சில மாதங்களாவது 'அன்டூ'வைத் தொடாமல் வரையுங்கள்.