துணி விக்கிறவன் போட்ட பந்தல்

தார் சுத்தச் சொன்னா போனைத் தேய்ச்சுக்கினு கீறியே, இப்பிடி வா. இன்னா படம் அது? போச்சம்பள்ளியா? காட்டு, காட்டு. ஓ, 2025 மே மாசம் ஐதராபாத்துல நடந்த உலக அழகிப் போட்டியா! நூத்துக்கும் மேல நாட்டுப் பொண்ணுங்க வந்து எறங்கி, அதுல ஒரு கும்பலை போச்சம்பள்ளிக்குக் கூட்டிக்கினு போயி தறியைக் காட்டினாங்களே, அது. போச்சம்பள்ளிக்காரன் கெட்டிக்காரன்மா. நூலைக் கட்டிக்கட்டி சாயம் ஏத்திடுவான். தறியில ஏத்தறதுக்கு முன்னாடியே பூவு நூல்ல ஒக்காந்துக்கினு இருக்கும்.

தறிகிட்ட நின்னு படம் புடிச்சிக்கிட்டாங்க. தப்பில்ல. ஆனா தறியைப் படம் புடிச்சா நெய்யறவன் கைதான் தெரியும். காலு குழிக்குள்ள கீது இல்ல? நெசவுல பாதி வேலை காலு செய்யறது. உங்க தாத்தன் பாதி ஒடம்பைக் குழியில வெச்சுக்கினு பாதி ஒடம்போட குடும்பம் நடத்தினவன்.

அப்பிடியே ஒரு வண்டியை ஆரணிக்கும் விட்டிருக்கலாம். ராம்ப்பு மேடை போடற செலவு மிச்சம். நம்ம கமண்டல நாகநதியில மழை மாசம் போவ மத்த நாள்ல இக்கரைக்கும் அக்கரைக்கும் நடந்து காட்டலாம், குதிகால் செருப்புல ஈரம் படாது. ஆறு அணிஞ்ச ஊருதான் ஆரணின்னு பெரியவங்க சொல்லுவாங்க. இப்ப அந்த நகை அடகுல கீது.

அதே போட்டிக்கு வந்த பொண்ணுங்களுக்கு ராமப்பா கோயிலாண்ட காலு கழுவித் தொடச்சி விட்டாங்கன்னு அப்ப ஒரே ரகளை ஆச்சே, நெனப்பு இருக்குதா? விருந்தாளிக்குத் தண்ணி குடுக்கறது நம்ம பழக்கம்தான். சொம்பைக் கையில குடுப்போம், அவங்க கழுவிக்குவாங்க. நாம கழுவி விடறது மாப்பிள்ளைக்கு மட்டும்தான். அதுவும் ஒரு நாளைக்கு. அப்புறம் ஆயுசு பூரா அவன் கழுவணும், அது வேற கதை.

சரி, விசயத்துக்கு வா. உங்க காலேசுல கடைசி வருசத்துப் பொண்ணுங்களுக்கு அழகிப் போட்டி வெக்கறாங்க, நீ மேடை ஏறணும், அதுக்குப் பட்டுப் புடவை வேணும். அத்த நேரா கேக்காம ரெண்டு நாளா ஆயா காலைச் சுத்திக்கினு வர்ற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஏறு, வேணாங்கல. ஆனா ஏறப்போற பந்தலு யாரு போட்டதுன்னு தெரிஞ்சிக்கினு ஏறு.

அமெரிக்காவுல யோலாண்டுன்னு ஒரு பொண்ணு 1951க்கு மிஸ் அமெரிக்கா ஆச்சு. போட்டிக்குப் பணம் போட்டவன் கேட்டலினான்னு நீச்சல் உடை விக்கிறவன். எங்க உடையைப் போட்டுக்கினு ஊரு ஊரா வந்து நில்லும்மான்னு கேட்டான். முடியாதுன்னுடுச்சு பொண்ணு. அவன் கோவிச்சுக்கினு போயி தனிப் பந்தல் போட்டான். 1952ல லாங் பீச்சுங்கற ஊர்ல ஆரம்பிச்ச அந்தப் பந்தல்தான் இன்னிக்கு பிரபஞ்ச அழகின்னு நீ பாக்கறது. நம்ம தொழில்காரன்மா அவன்! துணி விக்கப் போட்ட கடையில பிரபஞ்சத்தையே கூட்டிக்கினான். நம்ம ஆளுங்க தீபாவளிக்கு ஒரு தள்ளுபடி போர்டு மாட்டறதோட நின்னுட்டாங்க. உலக அழகிப் போட்டி அதுக்கு ஒரு வருசம் மூப்பு. லண்டன் திருவிழாவுக்குக் கூட்டம் சேக்க எரிக் மோர்லின்னு ஒரு ஆளு 1951ல ஆரம்பிச்சது. மொதல் கிரீடம் வாங்கின சுவீடன் பொண்ணு நின்னது ரெண்டு துண்டுத் துணியில. ஒரு புடவைக்கு அஞ்சரை மீட்டர், ரவிக்கைக்கு எம்பது சென்டின்னு நெய்யறவனுக்கு அத்தக் கேட்டா வயித்தைக் கலக்காதா? ஊரெல்லாம் அப்பிடி நின்னா எங்க கூலி இன்னா ஆவறது?

1996ல நான் நூலு வாங்க பெங்களூர் போறப்ப பாக்கணும், போலீசு நிக்காத முக்கு இல்ல. அமிதாப் பச்சன் கம்பெனி உலக அழகிப் போட்டியை சின்னசாமி மைதானத்துக்குக் கொண்டாந்துடுச்சு. விவசாயிங்க ஒரு பக்கம் கொடி புடிக்கறாங்க, பொம்பளைங்க சங்கம் ஒரு பக்கம், கட்சிக்காரங்க ஒரு பக்கம். கடைசியில நீச்சல் உடைச் சுத்தை மட்டும் தூக்கிக்கினு சீஷெல்ஸ் தீவுக்குப் போயிட்டாங்க. நீச்சல் உடைக்குக் கடல்தானே எடம்னு நான் ஒருத்தன்தான் சந்தோசப்பட்டேன். கிரீடம் கிரீஸ் பொண்ணுக்குப் போச்சு. பச்சன் கம்பெனிக்குப் பெரிய நட்டம். அந்த நட்டத்துல எனக்குக் கொஞ்சம் ஆறுதல், சொன்னா சிரிப்ப. பாவு வாங்கினவன் மட்டும்தான் கடன்படுவான்னு அதுவரைக்கும் நெனச்சுக்கினு இருந்தேன். அப்புறம் 2014ல, உலக அழகிப் போட்டிக்கு நீச்சல் உடைச் சுத்தே வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க.

ஆயா புடவையைத்தான் கட்டணும், இரவல் புடவைன்னு மூஞ்சியைத் தூக்காத. 1966ல இந்தியாவுக்கு, இல்ல ஆசியாவுக்கே, மொதல் உலக அழகிப் பட்டம் வாங்கின ரீட்டா ஃபாரியா பம்பாய்ல டாக்டருக்குப் படிச்ச பொண்ணு. லண்டன் மேடைக்குக் கட்டினது இரவல் புடவை, நீச்சல் உடையும் இரவல். கிரீடத்தை ஒரு வருசம் வெச்சிருந்துட்டு, சினிமாவும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு திரும்பிப் போயி டாக்டரு படிப்பை முடிச்சுது பாரு, அந்த நடைதான் எனக்குப் புடிச்ச நடை. 1994ல மணிலாவுல பிரபஞ்ச அழகி ஆன சுஷ்மிதா சென், அதுக்கு முன்னாடி மிஸ் இந்தியா மேடையில போட்டுக்கின கவுனு, டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்ல வாங்கின துணியில ஒரு டெய்லர் தெச்சது. புது சாக்ஸை வெட்டிக் கையுறை பண்ணினாங்கன்னு அந்தம்மாவே சொல்லிச் சிரிச்சிருக்குது. அந்த டெய்லருக்கு ஒரு கிரீடம் குடுத்திருக்கலாம்.

இப்ப தாத்தன் சொல்றத்தக் கேளு. மார்க்கு போடறவங்க கண்ணைப் பாக்காத, அது சிரிச்சுக்கினேதான் இருக்கும். விரலைப் பாரு. நாள்கணக்குல நெஞ்ச புடவையை முதலாளி வாசல் வெளிச்சத்துல தூக்கிப் புடிப்பாரு. வாயில சங்கதி ஊர்க்கதையா ஓடும். கட்டைவிரல் மட்டும் பார்டர் மேல ஊந்துக்கினே வரும். அந்த விரலு எங்க நிக்குதோ அங்க நூறு ரூபா கூலி போச்சு. அந்த மேடையில ஒசரம், எடை பாக்கறாங்கன்னு புதுசா பேசறியே, முதலாளி நூலை எடை போட்டுக் குடுத்து, புடவையா வர்றப்ப மறுபடி எடை போட்டு வாங்கறாரு. எத்தினி வருசமா நாங்க எடை பாத்துக்கினு கீறோம்! அப்பிடிப் பாத்தா அந்தப் போட்டிக்குப் போவ வேண்டியது நீ இல்ல, நம்ம புடவைதான். காஞ்சிபுரத்துக்காரி கனத்த ஒடம்பு, கல்யாண மண்டபத்துல ஒக்காத்தி வெக்கத்தான் சரி. ஆரணிக்காரி ஒல்லி. நாளெல்லாம் கட்டிக்கினு பஸ்ஸு ஏறி எறங்கலாம்.

கேள்வி கேப்பாங்களாமே மேடையில? கேட்ட ஒடனே ஒப்பிச்சுடாத. வெல சொல்றதுக்கு முன்னாடி புடவைக் கடைக்காரன் ஒரு இழுப்பு இழுப்பான் பாரு, அப்பிடி ஒரு இழுப்பு இழு. நம்ம வீட்ல நடந்த போட்டியில கேள்வி கேட்டது யாரு தெரியுமா? உங்க ஆயா. பொண்ணு பாக்கப் போனேன். எங்கம்மா அவள நடக்கச் சொல்லிப் பாத்தாங்க, பாடச் சொல்லிக் கேட்டாங்க. எல்லாம் முடிஞ்சி தட்டு மாத்தற நேரத்துல கதவுக்குப் பின்னால இருந்து ஒரு கொரலு: "ஒரு நாளைக்கு எத்தினி மொழம் நெய்வீங்க?" நான் நெய்யறது ரெண்டு மொழம். மேடைக் கூச்சத்துல நாலுன்னுட்டேன். அம்பது வருசமா அந்த ரெண்டு மொழத்துக்கு வட்டி கட்டிக்கினு கீறேன்.

அவ முகூர்த்தப் புடவைதான் நீ கண்ணு வெச்சிருக்கற அரக்குப் புடவை. எடுத்துக்கினு வா, பெட்டி மேல்தட்டுல கீது. பாத்துப் பிரி, ஜரிகை மடிப்புல அறுந்துடும். முந்தியில இந்த வரிசையப் பாரு. மாங்கா எல்லாம் வரிசையா கீது, ஒண்ணுக்காவது காம்பு கீதா? ஜக்கார்டுல ஒரு அட்டை நழுவிப்போச்சு. நான் பாக்கறதுக்குள்ள நாலு விரக்கடை நெஞ்சுட்டேன். முதலாளி விரலு அங்க வந்து நின்னுச்சு. எடுத்துக்கினு போடான்னு மூஞ்சியில வீசிட்டாரு, நூலு காசை ஒரு வருசம் கூலியில புடிச்சுக்கினாரு. பட்டு நெய்யறவன் வீட்ல பட்டு இருக்குதுன்னா அது எங்கியோ தோத்துட்டு வந்த பட்டுதான்.

முந்தியை மடிச்சித் தோள்ல குத்திக்கினா யாருக்கும் தெரியாது. விரிச்சி விட்டா, பாக்கத் தெரிஞ்சவன் பாத்துடுவான். கல்யாணத்தன்னிக்கு மடிச்சிக் குத்திக்கோன்னுதான் நானும் அவகிட்ட ரகசியமா சொன்னேன். அவ விரிச்சே விட்டா. ஏன்டின்னு கேட்டா, "காம்பு இருந்திருந்தா மரத்துலயே நின்னிருக்கும். இல்லாததாலதான் எம்மடியில விழுந்துச்சு"ன்னா. மாங்காயைச் சொன்னாளா என்னைச் சொன்னாளான்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல. நீ வேணா உள்ள போயி கேட்டுப் பாரு.

போறதுக்கு முன்னாடி ரெண்டு தார் சுத்திக் குடுத்துட்டுப் போ. ஊடை தீந்துபோச்சு.