நாய்க்குத் தொடைக்கறி, வீட்டுக்கு ஏதாவது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. திண்டுக்கல் கறிக்கடை வரிசையில் முதல் ஆளாக நிற்பவர், "கொழுப்பு ஒட்டாம தொடைக்கறி கால் கிலோ, எலும்பு வேணாம்" என்கிறார். "வீட்டுக்கா சார், மணிக்கா?" என்று கேட்கிறார் கடைக்காரர். "மணிக்கு. வீட்டுக்கு ஏதாவது கலந்து அரைக் கிலோ போடுப்பா."

இவரை ஊரில் எங்கும் பார்க்கலாம். ஆர்.எம். காலனியில் ஒருவர், நாகல் நகரில் ஒருவர், தாடிக்கொம்பு ரோட்டில் வீடு கட்டிப் போனவர் ஒருவர். வேலையில் ஓய்வு, பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ. சர்வீசில் இருந்தவரை நாயைக் கண்டால் கல்லைத் தேடியவர்தான். இப்போது மணி இருக்கிறது. தாய் வழியில் கன்னி இனம், தகப்பன் வழியில் தெரு. யாராவது கேட்டால் தாய் வழியை மட்டும் சொல்வார்.

மணியின் வாய்க்குள் போவதெல்லாம் இயற்கையாக இருக்கவேண்டும் என்பது கொள்கை. மகள் அனுப்பும் நாய் பிஸ்கட் பாக்கெட்டின் முன்பக்கத்தை இவர் பார்ப்பதே இல்லை. திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிப்பார். செயற்கை நிறம் என்றிருந்தால் தீர்ந்தது. நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்காது. "அப்போ இந்தச் சிவப்பு யாருக்கும்மா? காசு குடுக்கிறவனுக்கு!" என்று பெங்களூருக்கு வாய்ஸ் மெசேஜ் போகும். நியாயமான கேள்விதான்.

கடையில் முடிச்சுப்போட்டு வெள்ளையாகத் தொங்கும் தோல் எலும்பிடமும் இவர் வாலாட்ட விடமாட்டார். அது மாட்டுத் தோலின் உள்ளடுக்கு. பேகம்பூர் தோல் ஷாப்புகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு, மயிர் கழலத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடும் சங்கதி தெரியாதா? நாய்க்கான தோலை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு வேறு சேர்ப்பதுண்டு. ஊறிய துண்டை முழுசாக விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். "செருப்பாகவேண்டியதை எவனாவது திங்கக் குடுப்பானா?" என்பார். மணி செருப்பையும் தின்னும். அது வேறு வழக்கு.

இயற்கைக்கு அடி விழுந்தது மாட்டாஸ்பத்திரியில். தடுப்பூசிக்குப் போன இடத்தில், மணியின் இயற்கைப் பட்டியலைப் பெருமையாக ஒப்பித்தார். சிறுமலை அடிவாரத்து வெள்ளோடு திராட்சை என்றதுமே டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தின்மேல்தான் சந்தேகம். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதாக 2022இல் கால்நடை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. ஆக, நத்தம் புளியும் போயிற்று, புளியோதரையும் போயிற்று.

அடுத்து, வெங்காயப் பேட்டை உள்ள ஊரில் சொல்லக் கூசும் செய்தி. பச்சையோ வெந்ததோ, வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் உள்ளே போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும். 20 கிலோ மணிக்கு 300 கிராம்; கால் கிலோவுக்குச் சற்றுக் கூட. பூண்டும் அதே குடும்பம். பிரியாணி மிச்சத்தை இலையோடு நாய்க்கு வைப்பது இந்த ஊரில் ஒரு தர்மம். அதில் வெங்காயமும் உண்டு, வெந்து நொறுங்கிச் சிராய் சிராயாகக் குடலைக் குத்தும் எலும்பும் உண்டு.

"எல்லாம் இயற்கைதானே டாக்டர்?"

"எருக்கம்பாலும் இயற்கைதான் சார்."

மிஞ்சியவை கொடைக்கானல் கேரட், உப்பில்லாமல் வேகவைத்த பூசணி, கோழிக்கறி, முட்டை, விதை நீக்கிய ஆயக்குடிக் கொய்யாவில் ஒரு கீற்று, சிறுமலை வாழைப்பழத்தில் பாதி. இவருக்குச் சர்க்கரை வியாதி. புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழத்தை உரித்து, ஆழமாக ஒருமுறை மோந்துவிட்டு, மணியிடம் நீட்டுவார்.

சீனிக்கிழங்குக்கும் அனுமதி உண்டு. வேகவைத்து, வட்டமாகச் சீவி, மொட்டைமாடியில் வேட்டி விரித்துக் காயப்போட்டு, குடையோடு காக்காய் விரட்டுவார். "எனக்கு ஒருநாள் ஒரு வெங்காயம் உரிச்சுக் குடுத்திருப்பீங்களா?" என்று வீட்டம்மா கீழிருந்து கேட்பது காதில் விழாது. ஒருமுறை ஊரிலிருந்து வந்த சம்பந்தி அம்மாள் டப்பாவைப் பார்த்து, எண்ணெயில் பொரித்து, சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டார். "வத்தல் அருமை, உப்புதான் கம்மி" என்றவரிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

தின்பண்டம் ஒரு நாளைய கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவிதி. இவர் கருவூலத்தில் கணக்குப் பார்த்தவர், விடுவாரா? தேதி, பொருள், கிராம் என்று நோட்டுப் போட்டு எழுதினார். இத்தனைக்குப் பிறகும் அடுத்தமுறை தராசில் ஏற்றினால் மணி ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "வாக்கிங் எந்தப் பக்கம் போறீங்க?"

"மலைக்கோட்டையைச் சுத்தித்தான்."

"வழியில டீக்கடை?"

"சீனி இல்லாம ஒரு டீ, அவ்வளவுதான்."

"வர்க்கி?"

இவர் மணியைப் பார்த்தார். மணி வாசலைப் பார்த்தது.

"வர்க்கி எனக்கு வாங்குறது டாக்டர்," என்று குரலைத் தாழ்த்தினார். "பாதிதான் அதுக்கு. வீட்ல சொல்லிராதீங்க."