மூன்று பெட்டிகள், ஒரு குழாய்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில், ஒரு கடைவீட்டின் மாடியில் அச்சகம் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோவில் திருவிழா அறிவிப்பு, நினைவஞ்சலி என்று வேலை ஓயாது. முன்மேசையில் ஆர்டர் எடுத்துத் தட்டச்சு செய்ய விண்டோஸ் 95, பக்கம் அமைக்க மெக்கின்டாஷ், கணக்குக்கும் முகவரிப் பட்டியலுக்கும் லினக்ஸ். ஒன்றில் அடித்ததை அடுத்ததற்குக் கொண்டுபோக ஃபிளாப்பிதான் வழி. “தம்பி, இதைப் பின்னால குடுத்துடுங்க” என்று முன்மேசை அக்கா நாள் முழுக்க நீட்டிக்கொண்டே இருப்பார். அந்த நடையைக் குறைக்கத்தான் என்னை அழைத்தார்கள்.

அதற்கு ஒரு பழைய யோசனை உண்டு. தோட்டத்து ரப்பர் குழாய்களைப் பொருத்துவதுபோல நிரல்களைப் பொருத்த வழி வேண்டும் என்று கணினி அறிஞர் டக் மெக்கில்ராய் 1964இலேயே எழுதிவைத்தார். 1973இல் கென் தாம்சன் அதை ‘பைப்’ (குழாய்) என்ற பெயரில் யூனிக்ஸில் சேர்த்தார். ஒரு நிரல் வெளியே தள்ளுவதை அடுத்த நிரல் அப்படியே வாங்கிக்கொள்ளும்; நடுவில் கோப்பு வேண்டாம். லினக்ஸ் பெட்டிக்குள் இது சுலபம். விண்டோஸில் கதை வேறு. பெயரிட்ட பைப்பை விண்டோஸ் என்டியில் உருவாக்கலாம். 95இல் உருவாக்க முடியாது, பிறர் உருவாக்கியதில் போய்ச் சேரத்தான் முடியும். அன்றைய மெக்கில் பைப்பே கிடையாது. நிரலுக்கு நிரல் பேச மூன்றுக்கும் பொதுவாக இருந்தது, வலைப்பின்னல் வழியான டிசிபி இணைப்பு. சிம் லிம் டவரில் கேபிள் வாங்கி வந்து மூன்றையும் இணைத்தோம்.

பைட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. தமிழ் போய்ச் சேரவில்லை. அப்போது பல எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் 128க்கு மேற்பட்ட எண்களில், எழுத்துரு செய்தவர் விருப்பப்படி உட்கார்ந்திருந்தன. மெக்குக்கும் விண்டோஸுக்கும் இடையே உரையை மாற்றித்தரும் மென்பொருள்களோ, அந்த எண்களை ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் என்று எண்ணி இடம் மாற்றிவிடும். மணமகளின் பெயர் உருத்தெரியாமல் வந்து நிற்கும்.

இந்த ஊரில் அதைத் தீர்க்க முனைந்தவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த நான்மொழிக் கவிதை இணையப் பக்கத்தில் தமிழும் இருந்தது. அதன் பின்னால் நா. கோவிந்தசாமியின் உழைப்பு இருந்தது. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் நடந்தது. ஒரே எழுத்துக்கு ஒரே எண் வேண்டும் என்று அவர்கள் மல்லுக்கு நின்றது எனக்கு வெறும் கொள்கையாகத் தெரியவில்லை. என் மேசைமேல் கிடந்த பத்திரிகைகளின் பிரச்சினை அது. 1999இல், ஐம்பத்து மூன்று வயதிலேயே, கோவிந்தசாமி போய்விட்டார்.

இன்று மெக்கே யூனிக்ஸ். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓடுகிறது. ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட்டும் அங்கே வந்துவிட்டது. பைத்தானில் நான்கு வரி எழுதினால் மூன்று இடத்திலும் நிரலுக்கு நிரல் பேசுகிறது. யூனிகோடு எங்கும் இருக்கிறது. ஆனாலும் தமிழ் இன்னமும் குழாயில்தான் அடிபடுகிறது.

‘க’ என்ற எழுத்து யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் மூன்று பைட்டு: 224, 174, 149. ‘கு’ ஆறு. குழாயிலிருந்து 4096 பைட்டாக அள்ளும் நிரல், 1365 தமிழ்க் குறியீடுகளை முழுசாக எடுத்துவிட்டு அடுத்ததில் ஒரு பைட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வரும். மிச்ச இரண்டும் அடுத்த அள்ளலில். அவற்றைச் சேர்த்துவைக்காமல் உடனே எழுத்தாக்கினால் அங்கே கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட்டு என்பதால் இந்தப் பிழை ஆயிரம் சோதனையிலும் தலைகாட்டாது. விண்டோஸின் பழைய பவர்ஷெல் இன்னும் மோசம்: வேறொரு நிரலுக்குத் தமிழைக் குழாய்வழி அனுப்பினால், அது கேட்காமலே ஒவ்வோர் எழுத்தையும் கேள்விக்குறியாக்கிவிடும். அனுப்பியவருக்குப் பிழைச்செய்தி எதுவும் வராது.

தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊரில் எழுதப்படும் மென்பொருளை ஆங்கிலப் பெயர்களால் மட்டும் சோதிப்பது எனக்குக் கோபம் வரவழைக்கிறது. என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு தமிழ்ப் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கிறேன். அதை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கும், அங்கிருந்து மெக்குக்கும், மறுபடி விண்டோஸுக்கும் அனுப்ப வேண்டும். புறப்பட்டதையும் திரும்பியதையும் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிட வேண்டும். பட்டியல் 64 கிலோபைட்டைத் தாண்டும்படிதான் வைத்திருக்கிறேன். லினக்ஸில் குழாயின் வழக்கமான கொள்ளளவு அதுதான். மறுமுனையில் வாங்க ஆளில்லாவிட்டால் அனுப்பும் நிரல் அங்கேயே நின்றுவிடும், ஏன் நிற்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும்.