முடிவிலியர் வகையியல்

கருந்துளையின் நடுவே அடர்த்தி முடிவிலியா என்று வழக்காடுவோர் மூவகைப்படுவர். ஒழிபாக நாலாம் வகையும் உண்டு.

முதலாமவர் புள்ளியர். 1939இல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் அழுத்தமே இல்லாத தூசுப் பந்து ஒன்றைத் தாளில் சரியவிட்டார்கள். பந்தின் பருமன் சுழியாயிற்று. நிறையைச் சுழியால் வகுத்தால் வேறென்ன வரும்? இவர்களுக்கு இது போதும்.

இரண்டாமவர் அளவுகோலர், தொகையிலும் குரலிலும் மிக்கவர். பிளாங்க் நீளம் 1.6 × 10⁻³⁵ மீட்டர், அதற்குக் கீழே நீளமே கிடையாது, ஆகவே பருமன் சுழியாகாது, ஆகவே முடிவிலி ஒழிந்தது என்பர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1899இல் மாக்ஸ் பிளாங்க் எதையும் அளந்து இதைக் காணவில்லை. இயற்கை மாறிலிகளை நீளம் கிடைக்கும்படி பெருக்கி வகுத்தார், அவ்வளவே. காம்பஸ் பாக்ஸ் ஸ்கேலில் மில்லிமீட்டருக்குக் கீழே கோடில்லை. அதனால் தலைமுடிக்குத் தடிமன் இல்லாமற் போயிற்றா? போகட்டும், குறைந்தபட்ச நீளம் உண்டென்றே வைப்போம். சூரியனை அப்படியே ஒரு பிளாங்க் கனசதுரத்துக்குள் திணித்தால் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 5 × 10¹³⁴ கிலோ. முடிவிலி இல்லை, சரி. ஆனால் 5 × 10⁹⁶ஐத் தொடும்போதே நாம் அறிந்த இயற்பியல் கைவிரித்துவிடுகிறது. இன்னும் 38 சுழிகள் மிச்சம். நீளத்துக்குப் போட்ட பூட்டு அடர்த்தியைப் பூட்டவில்லை என்க.

மூன்றாமவர் துள்ளலர். வளையக் குவாண்டம் ஈர்ப்பு இவர்கள் மதம். அடர்த்தி அந்த 10⁹⁶ பக்கம் வந்ததும் ஈர்ப்பே தள்ளத் தொடங்கும், சரிவு துள்ளி மீளும் என்பர். துள்ளுமுன் இறுகி நிற்கும் பந்துக்கு 2014இல் ரொவெல்லியும் விடோட்டோவும் பிளாங்க் நட்சத்திரம் என்று பெயரிட்டார்கள். சூரிய நிறைக்கு அந்தப் பந்தின் குறுக்களவு சுமார் 10⁻²² மீட்டர். பிளாங்க் நீளத்தைப்போல ஐந்து லட்சம் கோடி மடங்குக்கு மேல்! அளவுகோலரின் கடைசிக் கோட்டுக்கு வெகு தூரம் முன்பே சரிவு நின்றுவிடுகிறது. கண்டவர் எவருமிலர் என்பது வேறு.

ஒழிபாக நிற்போர் கேள்வியையே திருத்துவோர். அடியேனும் அந்தக் கட்சி. 1916இல் வெளியான ஸ்வார்ட்ஸ்சைல்டு தீர்வில் எங்கும் பொருளே இல்லை, அடர்த்தி சுழி. முடிவிலியாவது காலவெளியின் வளைவு. உள்ளே விழுந்தவருக்கு நடு என்பது ஓர் இடமன்று, அடுத்த செவ்வாய்க்கிழமை போல வந்தே தீரும் ஒரு நேரம். பென்ரோஸ் 1965இல் நிறுவியதும் ஒளியின் பாதை அங்கே அறுந்துபோகும் என்பதைத்தான். அடர்த்தி எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை.